மாமனார் இல்லாத 4312 போட்டோ

நாலாயிரத்து முன்னூத்திப் பன்னெண்டு போட்டோ. ஒண்ணுலகூட மாமனார் இல்ல.

மாமனாரை விடுங்க, மாமியார் இல்ல, மாலை இல்ல, ஐயர் இல்ல, கலசம் இல்ல. பேர் மட்டும் வரிசையா இருக்கு. எதைத் தொறந்தாலும் கறுப்பு. ஒவ்வொண்ணோட சைஸும் சைபர். வெள்ளியங்கிரி மவுஸை விட்டுட்டு அப்படியே நாற்காலியில சரிஞ்சான்.

"அண்ணா, அழாதீங்க. பேரெல்லாம் பத்திரமா இருக்கே"ன்னு ஷமீம் ஆறுதல் சொன்னா.

விஷயம் இதுதான். ஈரோட்டுல, பெருந்துறை ரோட்டுல, ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில இவங்க கம்பெனி. "பெட்டகம்"னு ஒரு ஃபைல் சிஸ்டம் பண்றாங்க. கம்ப்யூட்டர்ல எந்த ஃபைலை எங்க வைக்கணும்னு பார்த்துக்கற சாஃப்ட்வேர். நடுவுல கரண்ட் போனாலும், மெஷின் மண்டையைப் போட்டாலும், வெச்சது வெச்ச மாதிரி இருக்கணும். எழுதறவங்க பெங்களூர்ல. சரியா எழுதியிருக்காங்களான்னு சோதிக்கற வேலை மட்டும் ஈரோட்டு டீமுக்கு. ஏன் இவங்களுக்குன்னு கேக்காதீங்க. பெங்களூர்லயும் அதைத்தான் கேட்டுட்டு இருக்காங்க.

டீம்னா நாலு பேர். ஏசிக்கு நேர் கீழ சீட்டுங்கறதால வெள்ளியங்கிரி லீடு. அப்புறம் ஷமீம், நாகர்கோவில் ஜெபசிங், பொன்னுரங்கம். மேல மங்கையர்க்கரசி மேடம், பெங்களூர்ல. இங்கிலீஷ்ல அனுப்பினா இவங்க தப்பாப் புரிஞ்சுக்கறாங்கன்னு அந்தப் புதன்கிழமை மேடம் தமிழ்லயே மெயில் போட்டாங்க. பாவம்.

"சொந்த டேட்டா மாதிரி நெனச்சு டெஸ்ட் பண்ணுங்க. எழுதிட்டு இருக்கும்போதே சர்வரைப் படுக்க வைங்க. அப்புறம் எழுப்பி, எல்லாம் அப்படியே இருக்கான்னு பாருங்க. முக்கியமா, பழைய தப்பு திரும்ப வருதான்னு பாருங்க."

வெள்ளியங்கிரி மூணு தடவை படிச்சான். சொந்த டேட்டா. அவன்கிட்ட சொந்தமா இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். மாமனார் சென்னியப்பனோட அறுபதாம் கல்யாணப் போட்டோ, ஒரு பென்டிரைவ்ல. அதை ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆல்பமாப் போட்டு அப்பா கையில குடுக்கலைன்னா வீட்டுப் பக்கமே வரவேண்டாம்னு அவன் பொண்டாட்டி தமயந்தி சொல்லியிருந்தா. சும்மா சொல்ற ஆளில்ல தமயந்தி.

"காப்பி பண்ணி வைக்கலாம்ண்ணே"ன்னான் ஜெபசிங்.

"காப்பி எப்படிடா சொந்தமாகும்? காப்பி காப்பிதான். ஒரிஜினலை வெட்டி எடுத்து ஒட்டறதுதான் முறை"ன்னு வெள்ளியங்கிரி பென்டிரைவ்லேருந்து எல்லாத்தையும் வெட்டி சர்வர்ல ஒட்ட ஆரம்பிச்சான்.

அடுத்தது சர்வரைப் படுக்க வைக்கணும். மத்த ஊர்ல எல்லாம் சர்வர் படுத்துருச்சுன்னா மெஷின் நின்னுபோச்சுன்னு அர்த்தம். இவங்க பேக்கரிக்காரர்கிட்ட ஒரு கோரைப்பாய் வாங்கிட்டு வந்து விரிச்சாங்க.

"தலை எந்தப் பக்கம்?"

"ஃபேன் இருக்கற பக்கம் தலை. மூச்சு விடணும்ல."

"வடக்க தலை வெக்காதீங்கண்ணே, ஆகாது."

பவர் ஒயரோட தெக்கால தலை வெச்சு படுக்க வெச்சாச்சு. பத்து நிமிஷம் பார்த்தாங்க. பச்சை லைட் மினுக் மினுக்குன்னுச்சு.

"தூங்கலயே"ன்னான் பொன்னுரங்கம். "கண்ணைச் சிமிட்டிக்கிட்டே கெடக்கு."

"படுக்க வைங்கன்னுதான் போட்டிருக்கு. தூங்க வைங்கன்னு போடல"ன்னு வெள்ளியங்கிரி தீர்ப்பு சொன்னான்.

"அது சரி, எழுதிட்டு இருக்கும்போதேன்னு போட்டிருக்கே, யாரு எழுதறது?"

நாலு பேர்ல கையெழுத்து ஷமீமுக்குத்தான் நல்லாருக்கும். அவ ஒரு நோட்டை எடுத்துட்டு சர்வர் பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்தா. என்ன எழுதறதுன்னு தெரியாம லீவ் லெட்டர் எழுதினா. ரெண்டு பக்கம் போச்சு.

இன்னும் பாக்கி இருந்தது பழைய தப்பு. இதுக்குத்தான் பெரிய விவாதம்.

"பழைய தப்பு திரும்ப வருதான்னு எப்படிப் பாக்கறது? வாசல்ல நிக்கணுமா?"ன்னு கேட்டான் ஜெபசிங்.

"போன தடவை என்ன தப்பு நடந்துச்சு?"

எல்லாரும் பொன்னுரங்கத்தைப் பார்த்தாங்க. போன தடவை டீ டம்ளரோட நடந்து வந்தவன் ஒயர்ல கால் தடுக்கி ப்ளக்கைப் புடுங்கிட்டான்.

"அப்போ நீ மறுபடி நடந்து வா. வருதா வரலையான்னு பார்த்துருவோம்."

"டீயோடவா, டீ இல்லாமயா?"

"டீ இல்லாம வந்தா அது வேற தப்புடா!"

பொன்னுரங்கம் கீழ போய் டீ வாங்கிட்டு வந்தான். ரொம்ப சிரத்தையா நடந்தான். ரொம்ப சிரத்தையா தடுக்கினான். ப்ளக் பிச்சுக்கிட்டு வந்துச்சு, டீ ஷமீமோட லீவ் லெட்டர்ல கொட்டுச்சு, சர்வர் நெஜமாவே படுத்துருச்சு.

"வந்துருச்சு!"ன்னு நாலு பேரும் கை தட்டினாங்க.

அப்புறம் எழுப்பினாங்க. அதாவது ஜெபசிங் சர்வரோட தோளைத் தட்டி எழுப்பிப் பார்த்து, வேலைக்காகாம ப்ளக்கைச் சொருகினான். பெட்டகம் போட்டோவோட பேரை எல்லாம் எழுதி முடிச்சிருந்துச்சு. உள்ள இருக்கறதை எழுதறதுக்குள்ளதான் கரண்ட் போச்சு. பென்டிரைவோ, அதான் அந்தப் பக்கம் போயாச்சேன்னு இந்தப் பக்கம் அழிச்சிருச்சு. ஸ்டுடியோக்காரருக்கு போன் போட்டா, "அந்தக் கார்டை அழிச்சுட்டு ஒரு காதுகுத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டனுங்களே"ங்கறார்.

ஷமீம் அசரல. ஒவ்வொரு ஃபைலுக்கும் கைரேகை மாதிரி ஒரு நம்பர் உண்டு. உள்ள ஒரு புள்ளி மாறினாலும் நம்பர் மாறிரும். அதைத்தான் அவ எடுத்துட்டு இருந்தா.

"அண்ணா, இங்க பாருங்களேன். நாலாயிரத்து முன்னூத்திப் பன்னெண்டுக்கும் ஒரே நம்பர்! எவ்வளவு ஒத்துமை!"

காலி ஃபைல் எல்லாத்துக்கும் ஒரே நம்பர்தான் வரும்னு சொல்ல அங்க யாரும் இல்ல. அந்த நேரம் பார்த்து மேடம் போன்.

"என்ன ரிசல்ட், வெள்ளியங்கிரி?"

"பழைய தப்பு திரும்ப வந்துச்சுங்க மேடம். அப்படியே. டீகூட சிந்தாம... இல்லைங்க, டீ சிந்துச்சுங்க. அதுவும் அப்படியே."

"சரி. அதைச் சரி பண்ணி புது வெர்ஷன் அனுப்பறேன். இப்ப வந்த ரிசல்ட்டைக் குறிச்சு வைங்க. அதே டேட்டாவை வெச்சு மறுபடி ஓட்டி, ஒத்துப் பாருங்க"ன்னுட்டு மேடம் போனை வெச்சுட்டாங்க.

"அதே டேட்டாவா?"ன்னு வெள்ளியங்கிரி வாயைப் பொளந்தான். "அதுக்கு மாமா மறுபடி கல்யாணம் பண்ணணுமே?"

"அறுபதாம் கல்யாணம் ஒரு தடவைதானண்ணா?"

"மாமாவுக்கு அறுபத்தொண்ணு ஆயிருச்சா?"ன்னு ஜெபசிங் கேட்டான். "இல்லல்ல? அப்போ இன்னும் செல்லும்ண்ணே."

ஐயர் ஒரு மந்திரத்தை விட்டுட்டாராம்னு தமயந்திகிட்ட ஒரு பொய்யைச் சொல்லி, சனிக்கிழமை அதே மண்டபம், அதே ஐயர், அதே பட்டுப் புடவை. அப்படியே இருக்கணும்ல? போன தடவை கோவிச்சுக்கிட்டுப் போன சின்ன மாமியார் இந்தத் தடவையும் கோவிச்சாகணும். அந்தப் பொறுப்பை பொன்னுரங்கம் ஏத்துக்கிட்டான். அவங்களுக்கு மட்டும் பாயசம் வெக்காம நகர்ந்துட்டான், முடிஞ்சுது. ஸ்டுடியோக்காரர் 4312ல சரியா நிறுத்தணும்னு ஜெபசிங் பக்கத்துலயே நின்னு எண்ணினான். மணவறைக்குப் பக்கத்துல இன்னொரு பாய். அதுல புது வெர்ஷனோட சர்வர், தெக்கால தலை வெச்சு. போட்டோ எல்லாம் கேமராலேருந்து நேரா அதுலதான் ஏறுது. வேற எங்கயும் கிடையாது. ஷமீம் லீவ் லெட்டர் எழுதிட்டே இருந்தா.

கெட்டிமேளம் கொட்டி, சென்னியப்பன் தாலி கட்டின நொடி, 4312வது போட்டோ ஏறிட்டு இருக்கும்போதே, பொன்னுரங்கம் டீயோட வந்து தடுக்கினான். ப்ளக் போச்சு.

எழுப்பினாங்க. வெள்ளியங்கிரி முதல் போட்டோவைத் தொறந்தான். மாமனார் பளிச்சுன்னு சிரிச்சார். ரெண்டாவதுல மாமியார். மூணாவதுல கலசம். எல்லாம் இருக்கு, ஒரு புள்ளி கொறையல. வெள்ளியங்கிரிக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. ஞாயித்துக்கிழமை ஆல்பம் ரெடி, வீடு உண்டு, தமயந்தி உண்டு!

"அண்ணா..."ன்னு ஷமீம் நோட்டை நீட்டினா. "டெஸ்ட் ஃபெயிலுண்ணா."

"என்னம்மா சொல்ற?"

"குறிச்சு வெச்சதோட ஒத்துப் பார்த்தேன். அப்போ எல்லாத்துக்கும் ஒரே நம்பர். இப்போ 4312 போட்டோவுக்கு 4312 நம்பர். ஒண்ணுகூட ஒத்து வரல. அப்படியே இல்லண்ணா."

நாலு பேரும் தலையைத் தொங்கப் போட்டுட்டு நின்னாங்க. மேடம் சொன்னது மேடம் சொன்னதுதான். வெள்ளியங்கிரி, மாமனாரோட சிரிச்ச மொகத்தை ஒரு தடவை பார்த்தான். கண்ணைத் தொடச்சுக்கிட்டான். 4312 போட்டோவையும் மொத்தமா அழிச்சான். அழிச்சுட்டு மணவறைக்குப் போய்க் கையைப் பெசஞ்சுக்கிட்டு நின்னான்.

சென்னியப்பன் நிமிர்ந்து பார்த்தார். "என்னங்க மாப்ளை, மாலையைக் கழட்டட்டுங்களா, இல்ல இன்னொரு வெர்ஷன் இருக்குங்களா?"

இது வரைக்கும் அஞ்சு ஆயிருச்சு. ஆமா, உங்க மாமனாருக்கும் இப்படி ஒரே மாசத்துல அஞ்சு தடவை அறுபதாம் கல்யாணம் நடந்திருக்கா, இல்ல எங்க ஊர்ல மட்டும்தானா?