அரைக்கட்டி சோப்பு

ஒரு கடற்கரை ஊரில் எட்வின் முதலாளி என்று ஒருவர் கால்பந்து அணி வைத்திருந்தார். வெளியூரிலிருந்து ஏழு பேரைப் பெரிய விலை கொடுத்து வாங்கியிருந்தார். மிச்ச நாலு பேரும் உள்ளூரில் வலை இழுக்கிற பையன்கள். என்ன வாங்கி என்ன, அணி தோற்றுக்கொண்டே இருந்தது. அவர் செலவைக் குறைக்கக் கிளம்பினார். அது கடைசியில் சட்டை துவைக்கிற வியாகுலமேரியிடம் வந்து நின்றது.

மழைச் சேற்றில் ஆடி மறுபடியும் தோற்ற சாயங்காலம், எல்லார் முன்னாலும் அரைக்கட்டி சோப்பை அவளிடம் நீட்டினார்.

"நாளைக்குப் போட்டோ எடுக்காங்க. பதினோரு சட்டையும் இதுலதான் வெளுக்கணும். ஒண்ணுல கறை இருந்தாலும் நீ வேலைக்கு வராண்டாம்."

அவள் இடுப்பில் காய்ச்சலோடு பிள்ளை. இந்த வேலை போனால் மருந்துக்கும் வழியில்லை. "சரி முதலாளி" என்றாள். வேறென்ன சொல்ல?

மறுநாள் போட்டோவுக்கு எல்லாரும் வந்தபோது, பதினோரு சட்டையும் கொடியில் வெள்ளைவெளேரென்று ஆடின. அவள் மிச்ச சோப்பைத் திருப்பி நீட்டினாள்.

"ஏட்டி, இது எப்படி மிச்சம் வந்துது?"

"நாலு சட்டைக்குத்தான் சோப்பு போட்டேன் முதலாளி. நீங்க வாங்கின ஏழு பேருக்க சட்டையும் தண்ணில முக்கினதும் வெளுத்துட்டு. சேறெல்லாம் நம்ம பயக்களுக்க சட்டையிலதான்."

வலைக்காரப் பையன்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். முதலாளி போட்டோவுக்கு நிற்கப் போனார். அவள் வேலை தப்பியது.

அடுத்த மாதம் அவர் ஒரு வலைக்காரப் பையனை நிறுத்திவிட்டு, எட்டாவதாக ஒருவரை வாங்கினார். வியாகுலமேரிக்கு இன்னும் கொஞ்சம் சோப்பு மிச்சமானது.