ஒரு குறையும் இல்லை

வளைகுடா நாட்டில் கட்டடத் தொழிலாளிகள் தங்கும் முகாம் அது. நாலு நாள் முன்னால் சாரம் சரிந்து சீனிராசு செத்துப்போனான். "விஷயம் வெளிய போனா இந்த நாட்டுல நம்ம ஆளுங்க பேரு கெட்டுடும்" என்று, அவன் வீட்டுக்குக்கூடச் சொல்ல விடவில்லை தமிழர் சங்கத் தலைவர் ஞானசிகாமணி. கம்பெனிக்கு வேண்டியவர், முகாமுக்குள் அதுவரை காலே வைக்காதவர்.

வெள்ளிக்கிழமை கேமராவோடு வந்து, சமையல்கார இருளப்பனைக் கூப்பிட்டார்.

"நேரலையில ஊரே பார்க்கும். 'இங்க ஒரு குறையும் இல்ல'ன்னு சொல்லணும். மாத்திப் பேசினே, நாளைக்கே பிளைட் ஏத்திடுவேன்."

"உத்தரவுங்கய்யா. முதல்ல கட்டிலை எண்ணச் சொல்லுங்க, அப்புறம் ஆளை எண்ணச் சொல்லுங்க. ஆளுக்கொரு கட்டில்னா சங்கத்துக்குத்தானே பெருமை?"

பெருமை என்றதும் தலைவருக்கு வாயெல்லாம் பல். கேமரா ஓடியது.

"இருளப்பா, இந்த ரூமுல எத்தனை கட்டில்?"

"பன்னெண்டுங்கய்யா."

"எத்தனை பேரு?"

"பதினோரு பேருங்கய்யா."

தலைவருக்கு வேர்த்துவிட்டது. "கு... குறை ஏதும் உண்டா?"

"நீங்க சொல்லிக் குடுத்தபடியே, ஒரு குறையும் இல்லீங்க."

சொல்லிவிட்டு இருளப்பன் காலிக் கட்டிலைப் பார்த்தான். கேமராவும் திரும்பியது. சீனிராசுவின் கைலி அதில் மடித்தபடி கிடந்தது.

அதன் பக்கத்தில் சார்ஜில் கிடந்த சீனிராசுவின் போன் அடித்தது. அழைத்தது அவன் பெண்சாதி. நாலு நாளாக அதை எடுத்து, "அண்ணன் வேலைக்குப் போயிருக்காருங்க" என்று சொல்லிவந்தது இருளப்பன்தான்.

கேமரா பார்த்துக்கொண்டிருக்க, தலைவரை மடக்கிய இருளப்பன் போனை நோக்கிக் கை நீட்டினான்.