மத்திமம் இல்லாத குரல்

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு ஐம்பத்தொன்று.

குரு பெயர் நஸ்ரீன். சாலிகிராமத்தில் ஒரு மாடியில் சின்ன ஸ்டுடியோ வைத்து, படங்களுக்குக் கம்ப்யூட்டரில் இசை கோத்துக் கொடுக்கிறவர். சீடர் பாக்கியநாதன், மெல்லிசைக் குழுக்களில் இருபத்தாறு வருஷம் கீபோர்டு வாசித்தவர். சீடர் குருவை டீச்சர் என்பார். குரு சீடரை அண்ணே என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

சீடருக்கு முதல் பாடமாகக் கிடைத்தது ஒரு ஹார்ட் டிஸ்க். நஸ்ரீன் பத்து வருஷமாக ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்த வாத்தியங்கள் அதில் இருந்தன. ஒவ்வொரு ஒலியையும் தனித் துண்டாக வெட்டி, கீபோர்டில் கட்டைக்கு ஒன்றாகப் பொருத்தியிருந்தார். கட்டையை அழுத்தினால் வேதாரண்யத்துத் தவில் சாலிகிராமத்தில் பேசும்.

"அடுக்கி வைங்க அண்ணே. எது எங்க கிடக்குன்னு எனக்கே தெரியல."

மூன்று மாதம் அடுக்கினார். நரம்பு, காற்று, தோல், மணி, குரல் என்று ஐந்து ஃபோல்டர். மனுஷர் சரியான சுத்தக்காரர். எந்தக் கட்டையிலும் ஒலிக்காத ஃபைல்களை எல்லாம் பொறுக்கி, 'வேண்டாதவை' என்று ஆறாவது ஃபோல்டர் போட்டு அதில் தள்ளினார். தூக்கிப் போட மனசு வராமல் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

ஆனால் அவர் கற்றுக்கொள்ள வந்தது அடுக்குவதை அல்ல, ஒரு குரலை வெட்டிக் கட்டையில் பொருத்துவதை.

அவர் மனைவி ஜெசிந்தா தூத்துக்குடியில் அண்ணன் வீட்டில் இருந்தார். பதினெட்டு மாதமாக. அதற்கு முன்பு பாக்கியநாதன் சொந்தமாக ஒரு பக்திப் பாட்டு ஆல்பம் போட்டார். அதில் ஜெசிந்தா ஒரு நாள் முழுக்க நின்று ஹம்மிங் பாடினார். வேலை முடியும் நேரத்தில் அந்த ஹம்மிங்கை மியூட் செய்துவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து ரெடிமேட் கோரஸ் ஒன்றை எடுத்து வைத்தார் இவர். அது இன்னும் சுத்தமாக இருந்ததாம். ஜெசிந்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளியீட்டு விழாவில், சர்ச் மண்டபம் நிறைய ஜனம் இருக்க, ஜெசிந்தா முன்வரிசையில் உட்கார்ந்து தன் குரல் வரும் இடத்துக்காகக் காத்திருந்தார். அந்த இடம் வந்தது. போனது.

அடுத்த வாரம் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. மூன்று நாள் இவர் போன் போட்டார். எடுக்கவில்லை. அதற்குப் பிறகு போன் போடவே இவருக்குப் பயம் வந்துவிட்டது.

ஒரு மத்தியானம் பாக்கியநாதன் சட்டைப் பையிலிருந்து பென் டிரைவ் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"குரல் ஃபோல்டர்ல ஒண்ணு சேர்க்கணும் டீச்சர்."

நஸ்ரீன் அதைச் செருகி ஒரு கட்டையை அழுத்தினார். ஒரு பெண் குரல் 'ஆ' என்றது. பக்கத்துக் கட்டை. அதே குரல், கொஞ்சம் மேலே.

"யாரு அண்ணே?"

"வீட்டுல."

நஸ்ரீன் கையை எடுத்துக்கொண்டார்.

"ஆல்பத்துக்கு அன்னிக்குப் பாடினதுலேர்ந்து வெட்டினது. எரநூத்திப் பன்னெண்டு துண்டு. மெதுவாப் பாடினது, அழுத்திப் பாடினது, எல்லாம் தனித்தனியா வச்சிருக்கேன். மெதுவா அழுத்துனா மெதுவாப் பாடுவா."

"ராத்தூக்கம் போயிருக்குமே."

"அது போய் ரொம்ப நாளாச்சு." பாக்கியநாதன் நாற்காலியை நகர்த்திக் கிட்டே வந்தார். "ஒரே குறை. அந்தப் பாட்டு மோகன ராகம். அதுல மத்திமம் கிடையாது, நிஷாதம் கிடையாது; 'ம'வும் 'நி'யும் அவ பாடவே இல்ல. நிஷாதம் இல்லாம சமாளிச்சுக்குவேன். மத்திமத்துக்கு, அதுக்குக் கீழ இருக்கிற காந்தாரத்தையே கொஞ்சம் ஏத்தி வச்சிருக்கேன். கேளுங்க."

கேட்டார். இன்னொரு தரமும் கேட்டார்.

"நல்லாத்தானே இருக்கு. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுது."

நஸ்ரீன் அவர் பக்கம் திரும்பினார்.

"மத்த கட்டையெல்லாம் அவ. அது மட்டும் வேற யாரோ. அவளுக்காக ஒரு பாட்டு போட்டிருக்கேன் டீச்சர். மத்திமத்துலதான் அது போய் நிக்குது. அவ மத்திமத்த நான் எங்கேருந்து கொண்டு வருவேன்?"

இருபத்தாறு வருஷம் மேடையில் சிரித்த முகமாக நின்ற மனுஷர், கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை.

நஸ்ரீன் 'வேண்டாதவை' ஃபோல்டரைத் திறந்தார்.

"இதையெல்லாம் ஏன் அண்ணே இங்க போட்டீங்க?"

"எதுவுமே கட்டையில பேசல. ஒவ்வொரு வாத்தியத்துலயும் முதல் ஃபைல். பூஜ்யம்னு நம்பர் போட்டிருந்தீங்க. மைக் டெஸ்ட்டுன்னு நெனச்சேன்."

"கேட்டுப் பார்த்தீங்களா?"

"இல்ல."

நஸ்ரீன் ஒன்றைத் தட்டினார். ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார்.

"என் பேரு குழந்தைவேலு. இன்னிக்கு வெசாலக்கெழம. என் தவில் சத்தத்த இந்தப் புள்ள எடுத்துக்கிடலாம். கல்யாணத்துக்குப் போடு, திருவிழாவுக்குப் போடு. சாவு சீனுக்கு மட்டும் போட்டுறாத தாயி."

இன்னொன்றைத் தட்டினார். ஒரு பெண்.

"நான் சுகந்தி. கடம் என்னோடது. நடுவுல ஒரு அடி தப்பா விழுந்துச்சு, அத அழிச்சிடுங்க. மத்ததெல்லாம் உங்களுக்குத்தான்."

மூன்றாவதில் ஒரு மேண்டலின்காரர் பேரைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தார். "என்னத்த சொல்ல? எடுத்துக்கம்மா" என்றார். அந்த மேண்டலினைப் பாக்கியநாதன் இந்த மூன்று மாதத்தில் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறார். அந்த மேண்டலின்காரர் சிரிப்பதை இப்போதுதான் கேட்டார்.

நஸ்ரீன் அந்த ஃபைல்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதனதன் வாத்தியத்தில் திரும்ப வைத்தார். நேரம் பிடித்தது. சீடர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நஸ்ரீன் பென் டிரைவில் இருந்த ஃபோல்டரைத் திறந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை பிசகாமல் இருந்தது.

"இதுல பூஜ்யம் எங்க அண்ணே?"

பாக்கியநாதன் திரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"அப்படி ஒண்ணு எடுக்கணும்னு தோணல. வீட்டு ஆளுதானேன்னு..."

"எடுத்துக்கன்னு அவங்க வாயால சொல்லாம இந்த டிஸ்க்ல எதுவும் ஏறாது அண்ணே."

"அப்ப மத்திமம்?"

"அத அப்புறம் பார்ப்போம்."

நஸ்ரீன் பென் டிரைவைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார். பாக்கியநாதன் விரல்களை மூடிக்கொண்டார். எழுந்தார். வாசல் வரை போய் நின்றார்.

"அவ முடியாதுன்னு சொல்லிட்டா, டீச்சர்?"

"சொல்லட்டும் அண்ணே. அந்த ஒரு வார்த்தையாவது அவங்க உங்ககிட்ட சொன்னதா இருக்கும்."