சீரைக் கொட்டிய ஆறு

அந்தக் காலத்தில், மலைக்கும் கரையானுக்கும்கூட வாய் இருந்தபோது, தூர தேசத்தில் இன்று பாலைவனமாகக் கிடக்கிற ஒரு மேட்டுநிலம் சதுப்பும் காடுமாக இருந்தது. நடுவில் செவ்வி என்றொரு ஆறு ஓடினாள். வருடம் தவறாமல் ஊதா, மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று வண்ண வண்டலை அள்ளிக் கடலுக்குச் சீர் கொண்டுபோவாள். வழியில் யாருக்கும் ஒரு பிடி கொடுக்கமாட்டாள், அவ்வளவு கறார்.

அவள் கரையில் ஓங்கன் என்ற மரம் நின்றது. ஆயுசு முழுக்க அவளுக்கு நிழல் பிடித்தவன். ஒரு புயலில் வேரோடு சாய்ந்து கரைச் சேற்றில் விழுந்தான். மறுநாளே கரையான்கள் வரிசைகட்டி வந்துவிட்டன.

"நாலே நாள், ஆள் இருந்த தடம் தெரியாது," என்றது மூத்த கரையான்.

"நீ நிக்காத தங்கச்சி, போ. வெயில் ஏறுது," என்றான் ஓங்கன். சொன்னானே தவிர, ஒரு கிளையால் அவள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே கிடந்தான்.

செவ்வி பக்கத்து எரிமலையைக் கூப்பிட்டாள். "மாமா, எங்கண்ணனைக் காப்பாத்த வழியே இல்லையா?"

எந்நேரமும் புகைகிற அந்த மாமாவுக்கு இதமாகப் பேச வராது. "என் சாம்பலைக் கரைச்சு அவன் உடம்புல ஊறவிடு. கல்லாயிடுவான், கரையான் பல்லு படாது. ஆனா ஓடுற தண்ணி ஊறாது, நீ நிக்கணும். நின்னா இந்த வெயில் உன்னைக் குடிச்சிடும். அப்புறம் கடலும் இல்ல, சீரும் இல்ல. யோசிச்சுக்கோ."

அவள் யோசிக்கவில்லை. நினைத்தால் எனக்கு இப்போதும் மெய் சிலிர்க்கிறது. பிறந்ததிலிருந்து ஒரு நொடி நிற்காதவள் அப்படியே நின்றாள். சாம்பல் தண்ணீரை அவன் உடம்பெங்கும், அவனோடு சாய்ந்துகிடந்த மற்ற மரங்களிலும் ஊறவிட்டாள். கரையான் அண்டக்கூடாது என்று, சீருக்கு வைத்திருந்த வண்டலையெல்லாம் ஒவ்வொரு நிறமாக அவன்மேல் கொட்டினாள்.

"பைத்தியக்காரி, கடல் கேட்டா என்ன சொல்லுவ?" என்றான் ஓங்கன்.

"கேக்க வந்தா, அண்ணனுக்குப் போட்டுட்டாள்னு நீயே சொல்லிடு," என்றாள். அதற்குள் அவள் முழங்கால் ஆழத்துக்கு வற்றியிருந்தாள்.

அன்று முதல்தான் அந்த மேட்டுநிலத்துக் குன்றுகள் வரி வரியாக நிறம் காட்டுகின்றன, மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன, சுற்றிலும் எவ்வளவு தூரம் தேடினாலும் ஆற்றைத்தான் காணோம்.