இடுப்பளவுக் கணக்கு

அம்பத்தூர் மரச்சாமான் பட்டறையில் மானேஜர் வைரவனுக்குத் தரையில் ஒரு வெட்டுத்துண்டு கிடந்தாலே அது திருட்டு. அலமாரிப் பலகைகளின் ஓரத்தில் பிளாஸ்டிக் பட்டை ஒட்டுகிற ஜெபராணி, புது ஆர்டருக்கு எவ்வளவு பட்டை வேண்டும் என்று கணக்குச் சொன்னாள். ஒவ்வொரு ஓரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்திருந்தாள். நீட்டி ஒட்டிவிட்டு மிச்சத்தை நறுக்குவதுதான் வழக்கம்.

"ஓரம் எவ்வளவோ பட்டையும் அவ்வளவுதான். துண்டு விழுந்தா நீ நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்" என்றார் வைரவன், எல்லாருக்கும் கேட்கும்படி.

"சரிங்க சார். உங்க இடுப்பு எவ்வளவு?"

வைரவன் அவளை முறைத்தார்.

"முப்பத்தெட்டு அங்குலம். எதுக்கு?"

"பெல்ட்டைக் கொடுங்க சார், காட்டுறேன்."

என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்று கழற்றிக் கொடுத்தார். அவள் அதை மேசையில் நீட்டி, பக்கிளிலிருந்து முப்பத்தெட்டு அங்குலம் அளந்து, கத்தரியால் வெட்டிவிட்டாள்.

"இப்ப மாட்டுங்க சார். மாட்டிட்டா நானும் அப்படியே ஒட்டுறேன்."

வைரவன் வயிற்றை எக்கி இழுத்துப் பார்த்தார். முனை பக்கிளைத் தொட்டது, உள்ளே நுழையவில்லை. பேண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"ஒரு கயிறு கொடும்மா."

"முப்பத்தெட்டு அங்குலம் போதுமா சார்?"

"கொஞ்சம் நீட்டியே வெட்டு."