அஞ்சு பவுண்டு பம்ப்

சிங்காநல்லூர்ப் பட்டறை முதலாளி ராஜகணபதி ஒரு காலத்தில் கார் பந்தயத்தில் கோப்பை வாங்கியவர். அதனால் அவர் சொன்னதுதான் சட்டமாம், இது எந்த ஊர் நியாயமோ. தன் பழைய ஜீப்பில் பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்கும் புது இன்ஜெக்‌ஷன் இன்ஜினை ஏற்றியவர், டாங்கிலிருந்து அதற்குப் பெட்ரோல் தள்ளும் பம்ப் மட்டும் அந்தக் காலத்துக் கார்புரேட்டர் பம்பே போதும் என்றார்.

"அது அஞ்சு பவுண்டு அழுத்தம்தாங்க தரும். இந்த இன்ஜினுக்கு நாப்பதாச்சும் வேணுங்க," என்றாள் வேலை பழக வந்திருந்த கோகிலவாணி.

"அழுத்தம்னா அழுத்தம்தான், அஞ்சே தாராளம். சாயங்காலத்துக்குள்ள ஜீப் கிளம்பலைன்னா நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

அவள் நேராக வாசலுக்குப் போய், அவர் வீட்டுக்கு ஓட்டிப் போகும் காரின் நான்கு டயரிலும் காற்றை இறக்கினாள்.

சாயங்காலம் கார் தரையோடு படுத்திருந்தது.

"காத்தைப் பிடுங்கி விட்டது யாரு?"

"காத்து இருக்குதுங்க. அளந்து, அஞ்சு பவுண்டு வெச்சிருக்கேன்."

"டயருக்கு முப்பது வேணும்னுகூடத் தெரியாதா உனக்கு?"

"தெரியுங்க. டயருக்கே முப்பது கேக்கறீங்க, இன்ஜினுக்கு மட்டும் அஞ்சு போதுமாங்க?"

மெக்கானிக்குகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராஜகணபதி காரைப் பார்த்தார், அவள் கையிலிருந்த பழைய பம்பைப் பார்த்தார்.

"சரி, எந்தப் பம்ப் வேணும்னு எழுதிக் கொடு."

காலையிலேயே எழுதி வைத்திருந்த சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள் கோகிலவாணி.