மை பிடிக்கும் பக்கம்

எங்கள் குடியிருப்பில் போட்டோ பேப்பர் நிபுணன் நான்தான். பட்டம் நானே கொடுத்துக்கொண்டது. வீட்டு பிரிண்டரில் மை வழிந்துபோன என் கல்யாணப் படத்தைக்கூட 'மாடர்ன் ஆர்ட்' என்று சொல்லிச் சுவரில் மாட்டியிருந்தேன்.

இஸ்திரி போடும் வள்ளிமயில், சம்பந்தி வீட்டுக்குத் தர மகளின் கல்யாணப் படத்தைச் செல்போனில் கொண்டுவந்தார். இரு பக்கமும் ஒரே வெள்ளையாக இருந்த தாளை நீட்டி, "முன்பக்கம் எதுன்னு சொல்லும்மா, போட்டுத் தரேன்" என்றேன் மிதப்பாக. விடை எனக்கும் தெரியாது.

இஸ்திரிப் பெட்டியில் சூடு பார்ப்பதுபோல், விரலை நாக்கில் நனைத்து இரு பக்கமும் தொட்டார். ஒரு பக்கம் விரலில் ஒட்டியது.

"இதுதான் சார். ஈரத்தைப் பிடிக்கிற பக்கம்தானே மையையும் பிடிக்கும்?"

அச்சடித்தேன். மணப்பெண்ணின் மூக்குத்திகூட மின்னியது.

வள்ளிமயில், சுவரில் வழிந்து கிடந்த என் மனைவியைப் பார்த்தார்.

"அம்மாவையும் இந்தப் பக்கத்துல ஒருதரம் போட்டுப் பாருங்க சார். அவங்களுக்கு ரெண்டு கண்ணு இருக்கு."